மாலோ ஊர்க் குடிகாரர்களும் மதுரை மீனாட்சியும்: ஒரு டியூனின் டிராவல் ஹிஸ்டரி

இந்த எபிசோட் ஒரு வீடியோ காலில் ஆரம்பிக்குது. வொர்க் ஃப்ரம் ஹோம், மதுரை வீடு, சாயங்கால மீட்டிங். டீம்ல அயர்லாந்துக்காரர் ஒருத்தர் இருக்கார். மைக்கை ஆஃப் பண்ண மறந்துட்டு ஜாலியா விசிலடிச்சிட்டிருந்தார். பக்கத்துல ஹோம்வொர்க் எழுதிட்டிருந்த அக்கா பொண்ணு சட்டுன்னு நிமிர்ந்து, "மாமா, அது என் பாட்டு! பாட்டு கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தது!" என்றாள்.

"போடி, அவர் அயர்லாந்து" என்றேன். அவள் விடவில்லை. பாடியே காட்டினாள். "வந்தே மீனாக்ஷி." முத்துசுவாமி தீட்சிதர் பாட்டு. விசிலும் பாட்டும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன.

அவர் விசிலடித்த டியூனின் பெயர் "ரேக்ஸ் ஆஃப் மாலோ". மாலோ என்பது அயர்லாந்தின் கார்க் கவுண்டியில் இருக்கும் ஊர். 18ஆம் நூற்றாண்டில் அங்கே வெந்நீர் ஊற்று பிரபலம். நம்ம குற்றாலத்துக்குக் கூட்டம் போகிற மாதிரி பணக்கார வீட்டுப் பையன்கள் அங்கே போவார்கள். குளிப்பதை விடக் குடிப்பது அதிகம். அந்த ஊதாரிக் கூட்டத்தைத்தான் "ரேக்ஸ்" என்கிறார்கள். குடி, ஆட்டம், கடன், ஜன்னல் கண்ணாடியை உடைப்பது, இதெல்லாம்தான் அந்தப் பாட்டின் வரிகள். நம்ம ஊரில் அதே மெட்டு மீனாட்சியம்மனுக்கு வணக்கம் சொல்கிறது.

இது எப்படி நடந்தது? கோடில் ஒரு வரியை யார் எழுதினார்கள் என்று பார்க்க "கிட் பிளேம்" என்று ஒரு கமாண்ட் போடுவோம். ஒரு டியூனுக்கு அதைப் போட்டால் என்ன வரும்? அதுதான் இன்றைய வேலை.

முதல் தடயம்: அச்சு

ஐரிஷ் பக்கம் ரெக்கார்ட் பழசு. 1740களிலேயே லண்டனில் அச்சான டியூன் புத்தகங்களில் இந்த மெட்டு இருக்கிறது. ஜிக் என்றால் ஆறு எண்ணிக்கையில் துள்ளும். இது அப்படி இல்லை, இரண்டு எண்ணிக்கையில் நேராக நடக்கும். "ஸ-க, ஸ-க" என்று ஊஞ்சலாடித் தொடங்கும், குழந்தைக்குக் கூட ஒரே நாளில் பிடிபடும். நடக்கிற தாளம் என்பதால் பட்டாளத்துக்கும் வசதி. புல்லாங்குழல் மாதிரியான ஃபைஃபும் டிரம்மும் வைத்து வாசிக்கிற மார்ச் டியூனாகவும் இது ஓடியது.

இந்தப் பட்டாளம்தான் நமக்கு முக்கியம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பிய சிப்பாய்களில் ஐரிஷ்காரர்கள் கணிசம். கம்பெனி எங்கே போனதோ அங்கே பேண்டும் போனது. சென்னையில் அது செயின்ட் ஜார்ஜ் கோட்டை.

இரண்டாவது தடயம்: மணலி

தீட்சிதர் 1775இல் திருவாரூரில் பிறந்தவர். அப்பா ராமசுவாமி தீட்சிதரும் பெரிய வித்வான். மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் ஆதரவு கொடுத்ததால் குடும்பம் அங்கே குடியேறியது. ஆமாம், இன்றைக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிற அதே வடசென்னை மணலி. முதலியார் குடும்பம் கம்பெனியின் துபாஷி குடும்பம். வெள்ளைக்காரருக்கும் ஊர்க்காரருக்கும் நடுவே பேரம் பேசுகிற வேலை. அதனால் கோட்டைக்குப் போக வர வழி இருந்தது. அண்ணன் தம்பிகள் அங்கே பேண்டைக் கேட்டார்கள்.

தம்பி பாலுசுவாமி ஒரு படி மேலே போனார். ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதில் கர்நாடக இசையை வாசித்தார். இன்றைக்கு எந்தக் கச்சேரி மேடையிலும் வயலின் இருக்கிறதே, அதன் ஆரம்பக் கதையில் அவர் பெயர் கட்டாயம் வரும்.

அண்ணன் முத்துசுவாமி, கேட்ட மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். கிட்டத்தட்ட 40 பாட்டுகள். இவற்றைத்தான் "நோட்டு ஸ்வர சாகித்யம்" என்கிறோம். எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் இல்லாமல், சுரத்தை அசைக்காமல் நேராக நிற்கும். பிரிட்டிஷ் ராஜ கீதமான "காட் சேவ் தி கிங்" இங்கே "சந்ததம் பாஹிமாம்" ஆனது. "ட்விங்கிள் ட்விங்கிள்" என்று நாம் பாடுகிற பழைய பிரெஞ்சு மெட்டு "சியாமளே மீனாக்ஷி" ஆனது. நம்ம மாலோ பையன்கள் "வந்தே மீனாக்ஷி" ஆனார்கள்.

இங்கே ஒரு பக் வருகிறது. சில பட்டியல்கள் "வந்தே மீனாக்ஷி"யின் மூல மெட்டுக்கு "லிமெரிக்" என்று பெயர் போடுகின்றன. லிமெரிக் கார்க்குக்குப் பக்கத்துக் கவுண்டி. முதலில் குழம்பினேன். பிறகு புரிந்தது: நாட்டு மெட்டுக்குப் பெயர் ஒரு ஸ்டிக்கர் மாதிரி. ஊருக்கு ஊர் கிழித்து வேறு ஒட்டுவார்கள். அதனால் பெயரை நம்பி இதைத் தேட முடியாது. சுரத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது தடயம்: எட்டயபுரம்

இந்தப் பாட்டுகள் நம் கைக்கு எப்படி வந்தன? பாலுசுவாமி பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். தன் பேரன் சுப்பராம தீட்சிதரையே தத்து எடுத்துக்கொண்டு வளர்த்தார். குடும்பச் சொத்தான பாட்டெல்லாம் அந்தப் பேரனிடம் சேர்ந்தது.

1890களில் சின்னசாமி முதலியார் என்ற ஒருவர் உள்ளே வருகிறார். சென்னையில் அரசாங்க உத்தியோகம், கிறிஸ்தவர், ஐரோப்பிய ஸ்டாஃப் நொட்டேஷன் தெரிந்தவர். நம் பாட்டுகளை அந்த முறையில் அச்சிட ஆரம்பித்தவர். அவர்தான் சுப்பராம தீட்சிதரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்: உங்களிடம் இருப்பதை எழுதிக் கொடுங்கள். அந்த வற்புறுத்தலும் எட்டயபுரம் ராஜாவின் பணமும் சேர்ந்து, 1904இல் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" அச்சானது. தெலுங்கு லிபி. அடுத்த ஆண்டே ஆரம்பப் பாடப் புத்தகம் ஒன்றும் கொண்டு வந்தார். நோட்டு சாகித்யங்கள் அதில் பாடங்களாகவே இடம்பிடித்தன.

இப்போது 1903ஐப் பாருங்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரப் போலீஸ் தலைவர் பிரான்சிஸ் ஓ'நீல் ஒரு புத்தகம் போடுகிறார், 1,850 ஐரிஷ் மெட்டுகள். அவர் எந்த ஊர்க்காரர்? அதே கார்க் கவுண்டி. புலம்பெயர்ந்து வந்த ஐரிஷ்காரர்களிடம், தன் ஸ்டேஷன் போலீஸ்காரர்களிடம் கூடக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். ஒருவர் சிகாகோவில், ஒருவர் எட்டயபுரத்தில். ஒருவரை ஒருவர் தெரியாது. இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே பயம்: பெரியவர்கள் போய்விட்டால் பாட்டும் போய்விடும்.

நான்காவது தடயம்: ஒலிப்பதிவு

மதுரைக்கு வருவோம். 1912இல் இங்கே பிறந்த மதுரை மணி ஐயர் கச்சேரியில் "இங்கிலீஷ் நோட்" பாடினால் கூட்டம் துள்ளும். அது ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்தது, "வந்தே மீனாக்ஷி" மெட்டு இல்லை. ஆனால் அதே வம்சத்து யோசனை. லைவ் கச்சேரிப் பதிவுகள் கிடைக்கின்றன, கேளுங்கள். "தில்லானா மோகனாம்பாள்" படத்தில் சிவாஜி நாதஸ்வரத்தில் வாசிக்கிற மேற்கத்திய நோட்டு ஞாபகம் இருக்கா? அதற்குப் பின்னால் இருந்த நிஜ மூச்சு மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. தீட்சிதரின் நோட்டுகளை மூல மெட்டுகளோடு பொருத்திப் பார்த்து, "விஸ்மயா" என்ற ஆல்பத்தில் கொண்டு வந்தவர் அமெரிக்காவில் இருக்கும் கன்னிக்ஸ் கண்ணிகேஸ்வரன். எனக்குக் கதவைத் திறந்தது அவருடைய வேலைதான்.

சரி, கிட் பிளேம் என்ன சொல்லுது? லண்டன் அச்சுக்கும் எட்டயபுரம் அச்சுக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டு. அந்த இடைவெளியில் கோட்டையில் அந்த ஒரு நாள், ஃபைஃபில் இதை வாசித்த சிப்பாய் யார்? அவன் பெயர் எங்கும் இல்லை. மாலோவில் முதலில் போட்டவன் பெயரும் இல்லை. எழுதினவர்கள் பெயர் மட்டும் நிற்கிறது. வாசித்தவர்கள் பெயர் காற்றோடு போய்விட்டது.

"அப்போ இது காப்பியா?" என்று கேட்பீர்கள். மூலத்தை யாரும் மறைக்கவில்லை. "நோட்டு" என்று பெயரிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் எப்படி கிரெடிட் கொடுப்பது?

தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் காலமானார். கடைசி நேரத்தில் சீடர்கள் "மீனாக்ஷி மே முதம்" பாடிக்கொண்டிருந்தார்கள் என்பது மரபு. அது ஆழமான, கனமான கிருதி. கோட்டை பேண்டைக் கேட்டு அவர் விளையாட்டாகப் போட்ட பாட்டிலும் அதே மீனாட்சிதான்.

உங்களுக்கு ஒரு வேலை. உங்க தெருக் கல்யாணத்தில் பேண்ட் வாசிக்கிற அண்ணன், கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கிற தாத்தா, இவர்களிடம் ஒரு நோட்டு வாசிக்கச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு போனில் பதிவு பண்ணுங்கள். கூடவே மூணு கேள்வி: உங்க பேரு என்ன, எந்த ஊரு, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க? அந்தக் கோட்டை சிப்பாயிடம் யாரும் இதைக் கேட்கவில்லை.

அக்கா பொண்ணு பாடினதை அந்த அயர்லாந்துக்காரருக்கு அனுப்பினேன். அவர் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாராம். அம்மா கேட்ட ஒரே கேள்வி: "யார் இந்த மீனாட்சி?" அதற்கு பதில் சொல்ல ஒரு எபிசோட் பத்தாது. அடுத்த வாரம் பார்ப்போம்.