ஊசி பிடித்த கையில் எழுதுகோல்

“பனியன் தைப்பவனுக்குப் பாட்டு எதற்கு? பவர் டேபிளில் அமர்ந்திருப்பவளுக்குக் கதை புனையும் கலை எதற்கு? வயிறு நிறையட்டும், வாரக் கடைசியில் கூலி வரட்டும். அதற்குமேல் ஆசைப்படுவது அளவு மீறிய ஆசை!” இப்படிப் பேசுவோர் இன்றும் உளர். தீய எண்ணத்தோடு பேசுகிறார்கள் என்றும் நாம் சொல்லமாட்டோம். எழுத்து என்பது ஓய்வுள்ளோர் உடைமை, உழைப்போர்க்கு உரியதன்று என்ற நினைப்பு அவ்வளவு ஆழமாக ஊறிவிட்டது. ஊறிய நினைப்பை உலுக்க வரலாற்றைத்தான் துணைக்கழைக்க வேண்டும். அதற்கும் தொலைதூரம் போக வேண்டியதில்லை, திருப்பூர் வட்டாரமே போதும்.

பெயரைச் சொன்னாலே சாயநீர் நினைவுக்கு வரும்படி ஆகிவிட்டதே நொய்யல், அந்த ஆறு திருப்பூரைக் கடந்து கிழக்கே ஓடும் வழியில், வடகரையில், கொடுமணல் என்றோர் ஊர். இன்றைய ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தது. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இதுவே என்பர் ஆய்வாளர். 1980களில் தொடங்கிப் பலமுறை அங்கு அகழ்ந்து பார்த்தனர். கல்மணி செய்த பட்டறை கிடைத்தது, இரும்பு உருக்கிய உலை கிடைத்தது, நூல் நூற்கும் தக்களியும் கிடைத்தது. அவற்றோடு, நூற்றுக்கணக்கான பானை ஓடுகளில் எழுத்து! அரசன் வெட்டுவித்த கல்வெட்டா? இல்லை. கோயிலுக்குக் கொடுத்த கொடைக் கணக்கா? அதுவுமில்லை. அடுப்படியில் புழங்கிய கலத்தின்மீது ஆதன் என்றும் சம்பன் என்றும் கீறப்பட்ட பெயர்கள். நூலும் எழுத்தும் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னர் ஒரே கரையில், ஒரே மக்களிடையே புழங்கின என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

பெயர் கீறியது பெரிதா, பாட்டு எழுதினார்களா என்று கேட்கலாம். எழுதினார்கள். சங்கப் புலவர் பெயர்ப்பட்டியலைப் புரட்டுங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்றால் துணி. துணி விற்றவர் அகப்பாட்டு எழுதினார்! கூலம் விற்றவர், பொன் வேலை செய்தவர், மருத்துவர் எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. வெண்ணிக் குயத்தியார் என்றொருவர், பானை வனையும் குடியில் பிறந்த பெண். வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலன் வென்றான். முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணிய சேரமான் வடக்கிருந்து உயிர்நீத்தான். வென்றவனைப் புகழ்ந்து பரிசில் பெறுவதுதானே அன்றைய முறை? அந்த அம்மையாரோ கரிகாலனை நோக்கியே, வெற்றி உனதாயினும் உன்னினும் நல்லவன் அவனல்லவா என்று பாடினார். புறநானூறு அதைப் போற்றி வைத்திருக்கிறது. மண் பிசைந்த குடியினள் மன்னன் முகத்துக்கு நேரே தன் மனத்தைச் சொன்னாள்! எழுத்து கைவந்தால் உழைப்பாளி என்ன செய்வான் என்று அஞ்சியவர்கள் அஞ்சியதில் காரணம் இல்லாமல் இல்லை.

அஞ்சியவர்கள் பின்னர் வென்றார்கள். ஏடு சிலர் வீட்டுப் பரணுக்குப் போயிற்று. திண்ணைப் பள்ளியின் வாயிலில் சாதி காவல் நின்றது. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்தியா முழுவதிலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஐவர் அளவே. மீதித் தொண்ணூற்றைந்து பேரின் மனத்தில் இருந்தது எதுவோ, அது அவர்களோடு மண்ணுக்குள் போயிற்று.

அந்த இருளில்தான், 1899இல், உடுமலைப்பேட்டையை அடுத்த பூளவாடியில் நாராயணகவி பிறந்தார். பள்ளிப் படிப்பு சொற்பம், வறுமை ஏராளம். ஊர்க்கலைகளில் பழகி, நாடகக் கொட்டகையில் வளர்ந்து, பகுத்தறிவைப் பாமரனும் முணுமுணுக்கும் பாட்டாக்கித் தந்தார். பட்டம் பெற்ற புலவர் பலர் பாடமுடியாததைப் பள்ளி காணாதவர் பாடினார். கீரனூரில் 1917இல் பிறந்த ஆர். சண்முகசுந்தரம், 1942இல் ‘நாகம்மாள்’ என்ற நாவலைத் தந்தார். கைம்பெண் ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்கிறாள், அதுதான் கதை. கொங்கு நாட்டு வேளாண்குடி, தான் வீட்டில் பேசும் பேச்சையே அச்சில் கண்டது அப்போதுதான். அந்த இரண்டு ஊரும் இன்று, 2009இல் அமைந்த திருப்பூர் மாவட்டத்துக்குள் இருக்கின்றன.

அதே 1942இல், திருவாரூரில் பள்ளி மாணவர் கருணாநிதி ‘முரசொலி’ என்று துண்டு வெளியீடு நடத்தினார். அதற்கும் முன்னர் ‘மாணவ நேசன்’ என்று கையெழுத்து ஏடு. யார் கேட்டார்கள்? எவர் கூலி கொடுத்தார்கள்? எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதினார். தமிழ்நாட்டில் கையெழுத்து ஏடு நடத்தாத சிற்றூர் அரிது என்ற காலம் ஒன்று இருந்தது. கிறுக்கல் என்று எள்ளினர் பெரியோர். எள்ளியோர் பெயர் எவருக்கு நினைவிருக்கிறது?

இனிப் பனியன் நகரத்துக்கு வருவோம். 1920களில் தொடங்கிய தொழில், 1970களின் இறுதியில் கடல் கடந்து விற்கப் புகுந்தது. ஊர் வளர்ந்த வேகத்தைப் பெருமையாகப் பேசும் ஏற்றுமதிக் கணக்குகள் ஏராளம். ஆற்றுக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கை எவரும் எழுதவில்லையா? உழவர்கள் கதறினார்கள், வழக்காடினார்கள். தொலைபேசித் துறையில் ஊழியராயிருந்த சுப்ரபாரதிமணியன் 1998இல் ‘சாயத்திரை’ என்ற நாவலாக அதை எழுதினார். சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது 2011 சனவரியில். நாவல் வந்து பன்னிரண்டு ஆண்டுக்கும் மேல் சென்ற பிறகு! அவர் நடத்திய சிற்றேட்டின் பெயர் ‘கனவு’. அலுவலகத்தில் எட்டு மணி நேரம், மிச்சப் பொழுதில் ஏடு. இலாபம் உண்டா? சிற்றேட்டில் இலாபம் கண்டவர் யார்!

அண்டை நகரான கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், இளமையில் ஆந்திர நாட்டுக் குண்டூரில் தாம் பட்ட காவல்நிலையச் சித்திரவதையை ‘லாக்கப்’ என்ற நூலாக்கினார். அது ‘விசாரணை’ என்ற படமாகி, 2015இல் வெனிசுத் திரைப்பட விழா வரை சென்றது. பிழைப்புக்காக எழுதியதன்று, நெஞ்சில் கனத்ததை இறக்கி வைக்க எழுதியது.

திறமை இருக்கிறது, தெம்பும் இருக்கிறது. இல்லாதது எது? பொழுது! திருப்பூர்த் தொழிலாளிக்கு ‘ஒன்றரை ஷிப்டு’ என்ற சொல் தெரியும். காலை எட்டரைக்குப் புகுந்தால் இரவு எட்டரைக்கு வெளியேறுவது. ஓவர்லாக் இயந்திரத்தின் இரைச்சல் காதில் நிற்க, கைமடித்த விரல் மரத்துப்போக, வீடு திரும்புகிறவன் எழுதுகோலை எப்போது எடுப்பான்? 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. கூலிக்குப் போராடிய வரலாறு நூல்களில் ஏறிவிட்டது. பொழுதுக்குப் போராட வேண்டிய வரலாறு இன்னும் மிச்சமிருக்கிறது.

பாரிசு நகரத்தில் தையற்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த அதே 1840இல், தொழிலாளர்களே எழுதிய ஏடொன்று பிறந்தது. அதன் பெயருக்குப் பட்டறை என்று பொருள். உடலுழைப்பால் வாழ்வோரே அதில் எழுதலாம் என்பது விதி. பத்தாண்டு நடந்தது. அந்நாளைய தொழிலாளர், உறங்க வேண்டிய இரவைத் திருடிக் கவிதை எழுதினர் என்று ரான்சியேர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1981இல் ஒரு பெருநூலே எழுதினார். ஊதியம் கேட்டபோது எரிச்சலுற்ற முதலாளிகள், பாட்டு எழுதுகிறார்கள் என்றறிந்தபோது எப்படித் திகைத்திருப்பார்கள்!

கொடுமணல் ஓடுகளில் தமிழ்ப் பெயர்கள் மட்டுமல்ல, பிராகிருதப் பெயர்களும் உண்டு. அன்றே வடக்கிலிருந்து வந்து தொழில் செய்தவர்கள் இருந்தனர், அவர்களும் எழுதினர். இன்றும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் திருப்பூரில் தைக்கிறார்கள். அவர்கள் மொழியில் அவர்களுக்கும் சொல்ல இருக்கும். தெருவுக்குத் தெரு படிப்பகம் கண்டவர்கள் நாம். அங்கே ஓர் அலமாரி, நான்கு மொழிகளில் சில நூல்கள், வெற்றுத்தாள் கட்டு ஒன்று, ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் திறந்த கதவு. கப்பலேறும் ஓர் அட்டைப்பெட்டிச் சரக்கின் விலைக்குமேல் ஆகுமோ இதற்கு?