கையிலிருக்கும் சீட்டும் களஞ்சியத்திலிருக்கும் பொருளும்

சங்கரன்கோவில் கடைவீதியில் இன்று பூக்கடை முதல் பிரியாணிக் கடை வரை கைபேசி வழியே பணம் பெறாத கடை அரிது. 2016ஆம் ஆண்டு அறிமுகமான யுபிஐ, பத்தாண்டுக்குள் சில்லறைத் தட்டுப்பாட்டையே மறக்கச் செய்துவிட்டது. வெளிநாடுகளிலோ அடுத்த மாற்றம் தொடங்கியிருக்கிறது. டாலர் போன்ற ஒரு நாணயத்தின் மதிப்போடு பிணைக்கப்பட்ட 'ஸ்டேபிள்காயின்' எனும் மின்னணு நாணயத்தை, கைபேசியைக் கருவியில் தொட்ட மாத்திரத்தில் கடைக்காரர் பெறும் ஏற்பாடுகள் வந்துள்ளன. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் வழியாக, "இதை வாங்கலாமா?" என்ற கேள்வி நம் வீடுகளுக்கும் வந்து சேர்கிறது.

கருவி புதியது; கேள்வி பழையது. ஒரு சீட்டு, தனக்குப் பின்னால் பொருள் இருப்பதாகச் சொல்கிறது. அப்பொருள் உண்மையிலேயே இருக்கிறதா? கேட்டவுடன் கைக்கு வருமா?

மர்வான் பின் ஹகம் மதீனாவின் ஆளுநராக இருந்த காலத்தில் இக்கேள்வி எழுந்தது. செங்கடல் துறைமுகமான அல்ஜாரில் வந்திறங்கிய தானியத்தைப் பெற்றுக்கொள்ளும்படி மக்களுக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. அரபியில் அவற்றுக்கு 'ஸுகூக்' என்று பெயர். மக்கள் தானியத்தைக் கைப்பற்றுமுன்பே சீட்டுகளை ஒருவருக்கொருவர் விற்கத் தொடங்கினர். ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு நபித்தோழரும் ஆளுநரிடம் சென்று, இது வட்டிக்கு வழிதிறப்பதாகக் கண்டித்தார்கள். மர்வான் காவலர்களை அனுப்பி, அச்சீட்டுகளை மீட்டு உரியவர்களிடம் ஒப்படைக்கச் செய்தார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி பதிவாகியுள்ளது. சீட்டு வழங்குவது அங்கே தடுக்கப்படவில்லை. பொருள் கைக்கு வராமலே சீட்டு கைமாறியதுதான் தடுக்கப்பட்டது.

அதே மர்வானின் மகன் கலீஃபா அப்துல் மலிக், ஹிஜ்ரி 77இல் சுமார் 4.25 கிராம் எடையுள்ள தங்கத் தீனாரை வெளியிட்டார். மதிப்பு நாணயத்திலேயே இருந்ததால், எடைபோட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

நம் மண்ணிலும் இந்தச் சோதனை நடந்தது. கும்பினி ஆட்சியில் சென்னையில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்று கணக்கு. பல வகை நாணயங்கள் புழங்கிய அக்காலத்தில் தரம் பார்த்து மாற்றித் தருபவர் 'சராப்' எனப்பட்டார். நாணய மாற்றைக் குறிக்கும் 'ஸர்ஃப்' எனும் அரபிச் சொல்லோடு தொடர்புடைய பெயர் இது. வசூல், பாக்கி, அசல் ஆகியவையும் அரபியிலிருந்து நம் கணக்கேடுகளுக்கு வந்தவையே. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வணிகம் செய்தோர் உண்டியல் சீட்டால் ஊருக்குப் பணம் அனுப்பினர். சீட்டை ஏற்றவர் எழுதியவரின் நாணயத்தை நம்பினார். தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிப்பது பொருத்தமே.

பெயரை மட்டும் நம்பியதன் விளைவை 1906 அக்டோபர் காட்டியது. சென்னையின் புகழ்பெற்ற அர்பத்நாட் நிறுவனம் நொடித்தது. ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். அந்த அதிர்ச்சியிலிருந்தே 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

நம் காலத்திலும் அதுவே நிகழ்ந்தது. 2022 மே மாதம், போதிய இருப்பின்றிக் கணினிச் சூத்திரத்தால் நிலைநிறுத்தப்பட்ட டெர்ராயுஎஸ்டி ஒரு டாலரிலிருந்து சில சென்ட்டுகளுக்குச் சரிந்தது. 2023 மார்ச்சில், இருப்பு வைத்திருந்த யுஎஸ்டிசி கூட, அதில் 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி வங்கியில் சிக்கியதால் 90 சென்ட்டுக்கும் கீழே இறங்கி, வங்கியின் வைப்புகளுக்கு அமெரிக்க அரசு பொறுப்பேற்ற பின்னரே மீண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் சிங்கப்பூர் நாணய ஆணையம் வகுத்த நெறிமுறை, முழு இருப்பு வேண்டும், கேட்டால் ஐந்து வேலைநாட்களுக்குள் முழு மதிப்பைத் தர வேண்டும் என்றது.

இந்தியாவின் நிலை வேறு. யுபிஐயில் நகர்வது வங்கியிலுள்ள நம் ரூபாய். 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களிடம் சோதனைக்கு வந்த மின்-ரூபாய்க்கு ரிசர்வ் வங்கியே பொறுப்பு. ஸ்டேபிள்காயினோ இங்குச் சட்டப்பூர்வ நாணயமன்று. இத்தகைய மின்னணுச் சொத்துகளின் ஆதாயத்துக்கு 2022 முதல் 30 சதவீத வரி உண்டு. கைமாற்றங்களில் 1 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கும் விதியும் உண்டு. நாட்டுச் சட்டத்தைப் பேணுவதும் நம் ஒப்பந்தக் கடமையே.

மார்க்க நோக்கில் மற்றொன்றும் உண்டு. டாலர் சீட்டை ரூபாயாக மாற்றுவது ஸர்ஃப் என்று கொண்டால், இரு தரப்பும் அதே அமர்வில் கைப்பற்ற வேண்டும். இடையில் நிற்கும் நிறுவனம் இரண்டு நாள் கழித்துத் தருமாயின், அது சிந்திக்க வேண்டிய இடம்.

எனவே, வெளிநாட்டில் கடை வைத்திருக்கும் சகோதரர் கருவியின் வேகத்தைப் பாராட்டுமுன் மூன்றைக் கேட்கட்டும்: இருப்பு எங்கே, அதைத் தணிக்கை செய்பவர் யார், என் கைக்கு வருவது எப்போது? விடை தெளிவாக இருந்தால் உள்ளூர் ஆலிம்களிடமும் கணக்காயரிடமும் கலந்து முடிவெடுக்கலாம். தெளிவில்லையெனில் விலகி நிற்பதே பேணுதல்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி, அவற்றில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.