கொங்கு நாட்டு ரோமானிய வெள்ளிக்காசுகள்: சேகரிப்பு வரலாறு

இன்றைய திருப்பூர், கோவை, கரூர் மாவட்டங்களில் புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளுக்குத் தினாரியஸ் என்று பெயர். பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இரு பேரரசர்கள் வெளியிட்டவை.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக நடந்த வணிகமும், காங்கேயம் அருகிலுள்ள படியூரின் பச்சைக்கல்லும் இக்காசுகளை இங்கு ஈர்த்தன என்பது பலர் கருத்து. கி.பி. 64இல் நீரோ வெள்ளியின் தரத்தைக் குறைத்ததால் வணிகர்கள் பழைய காசையே விரும்பினர் என்று சிலர் கொள்வர். எனவே காசில் உள்ள அரசரின் காலமே அது இங்கு வந்த காலம் எனக் கொள்வதற்கில்லை. இங்கு இவை நாணயமாகப் புழங்கினவா, எடைக்கு எடை வெள்ளியாக மதிக்கப்பட்டனவா என்பதிலும் கருத்து ஒன்றுபடவில்லை. இடைக்காலத்துச் சேகரிப்பு குறித்துக் குறிப்புகள் அரிது.

எழுத்துச் சான்று பெருகுவது 1800 முதல்தான். அவ்வாண்டு கொங்கு நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், பொள்ளாச்சியில் ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக்காசு கிடைத்ததை எழுதிவைத்தார்; அவற்றுள் ஆறு காசுகளைக் கலெக்டர் அவருக்கு அளித்தார். 1842இல் வெள்ளலூரில் 500க்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன. புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், தட்டார் உலையில் உருகியிருக்கக்கூடிய பல காசுகள் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. 1891இல் உடுமலை வட்டாரப் பூதிநத்தத்தில் ஏறத்தாழ 1,400 காசுகள் வெளிப்பட்டன. எட்கர் தர்ஸ்டன் அருங்காட்சியகக் காசுகளைப் பட்டியலிட்டார். ராபர்ட் சீவெல் 1904இல் இந்தியா முழுமைக்குமான கண்டெடுப்புகளைத் தொகுத்தார். நொய்யல் பகுதியைச் சேர்ந்த கத்தாங்கண்ணியில் 1913இல் 233 காசுகள் கிடைத்தன.

அடிக்கடி காணப்படும் திபேரியஸ் காசு நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையுடையது. முன்புறம் இலைமாலை சூடிய அரசர் தலை. பின்புறம் ஒரு கையில் செங்கோலும் மறுகையில் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண். அவள் அரசரின் தாய் லிவியா என்பர். இந்தியாவில் கிடைத்த சில காசுகளில் நுண்ணிய முத்திரைக் குத்துகளும் உண்டு. அவை தரம் பார்த்த வணிகர் இட்ட அடையாளமாகலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரூர் அமராவதி ஆற்றுப்படுகை முதன்மைக் களமானது. அங்குக் கிடைத்த சேரரின் வெள்ளிக்காசு ஒன்றில், ரோமானியச் சாயலுள்ள தலைக்கு மேல் தமிழ்-பிராமியில் ‘மாக்கோதை’ என்ற பெயர் உள்ளது. இத்தகைய காசுகளை ஆராய்ந்து வெளியிட்டவர்களில் இரா. கிருஷ்ணமூர்த்தி குறிப்பிடத்தக்கவர்.

1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருளாகும்; அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. கிடைத்த இடம் பதியப்படாமல் கைமாறும் காசு, வணிகவழிகளை அறிய உதவாது.