ஸ்ரியரிங் ஆடினால் பெட்டியை முறுக்காதீர்கள்

கடந்த சிறுபோக அறுவடையின்போது, பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் சித்தப்பாவின் பழைய ஹைலக்ஸ் பிக்கப்பில் நெல் மூட்டைகளுடன் வந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவில் திருப்பிய ஸ்ரியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பவில்லை. சித்தப்பா பலங்கொண்ட மட்டும் இழுத்துத் திருப்பியதால்தான் வாய்க்காலுக்குள் இறங்காமல் தப்பினோம்.

இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் "ஸ்ரியரிங் ஆடுது" என்று ஒரு கராஜில் காட்டியிருந்தார். அங்கே ஸ்ரியரிங் பெட்டியின் திருகாணியை இறுக்கி அனுப்பிவிட்டார்கள். பிறகு கிளிநொச்சியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். "தம்பி, முதல்ல கீழ படுத்துப் பாரும். பெட்டி கடைசி" என்றார். ரை ரொட் எண்ட் ஒன்று தேய்ந்திருந்தது. அதன் நட்டில் கொட்டர் பின்னுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி!

அந்தக் கம்பி எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் உதிரிப்பாகம் இல்லாமல், மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய மண் இது. கிடைத்ததை வைத்துச் சமாளித்த கைகள்தான் அன்று நோயாளிகளையும் காயப்பட்டவர்களையும் கொண்டுசேர்த்தன. ஆனால் இன்று பின் கடையில் கிடைக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பிக்கப்புகளை இன்னும் பல வருடங்கள் ஓட்டவேண்டிய நிலை பலருக்கு வந்தது. ஆகவே இவற்றைப் பார்க்கும் முறையை நாமே அறிந்திருப்பது நல்லது.

எவ்வளவு ஆட்டம் அதிகம்?

சில்லுகளை நேராக வைத்து, ஸ்ரியரிங் வளையத்தை மெதுவாக அங்குமிங்கும் அசையுங்கள். பவர் ஸ்ரியரிங் என்றால் எஞ்சினை இயக்கிவிட்டுப் பாருங்கள். சில்லு அசையாமல் வளையத்தின் விளிம்பு 30 மில்லிமீற்றருக்கு மேல் அசைந்தால் பழுது தேடவேண்டும்.

எங்கே ஆடுகிறது?

வாகனம் சமதரையில் நிற்க, ஹான்ட் பிரேக் போட்டு, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் வளையத்தை அசைக்க, மற்றவர் கீழே பார்க்கவேண்டும்.

- வளையம் திரும்பியும் பெட்டிக்குள் போகும் தண்டு திரும்பாவிட்டால், இடையிலுள்ள இணைப்பு தேய்ந்துள்ளது.
- தண்டு திரும்பியும் பெட்டியிலிருந்து வரும் பிட்மன் ஆர்ம் அசையாவிட்டால், பழுது பெட்டியில்.
- பிட்மன் ஆர்ம் அசைந்தும் சில்லு அசையாவிட்டால், ரை ரொட் எண்ட், ஐட்லர் ஆர்ம் போன்ற மூட்டுகளில்.
- பெட்டியே அசைந்தால், அதைச் சட்டத்தில் பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கும், அல்லது சட்டம் வெடித்திருக்கும்.

மூட்டில் கை வைத்தால் ஆட்டம் விரலுக்குத் தெரியும். றப்பர் உறை கிழிந்து கிறீஸ் வெளியேறியிருந்தால் அந்த மூட்டுக்கு ஆயுள் குறைவு.

அடுத்து முன்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி, உறுதியான ஸ்டான்டில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பெயறிங். நிற்காவிட்டால் போல் ஜொயின்ட் அல்லது கிங் பின். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் பெரும்பாலும் ரை ரொட் எண்ட்.

பெட்டியை எப்போது தொடலாம்?

மற்றவை எல்லாம் சரியென்று தெரிந்த பிறகே. சில்லுகள் நேர்நிலையில் இருக்கவேண்டும். பெட்டிக்குள் பற்கள் நடுவில்தான் மிக நெருக்கமாகப் பொருந்தும். திருப்பிய நிலையில் இறுக்கினால் நேராக வரும்போது சிக்கும். லொக் நட்டைத் தளர்த்தி, திருகாணியை எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்குங்கள். திருகாணியை அசையவிடாமல் பிடித்தபடி நட்டைப் பூட்டுங்கள். வளையத்தை இரு முனைவரை திருப்பிப் பாருங்கள். எங்காவது இறுகினால் உடனே தளர்த்துங்கள். மீண்டும் மீண்டும் இறுக்கவேண்டி வந்தால் பெட்டியைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.

ரை ரொட் எண்ட் மாற்றினால் புதிய கொட்டர் பின் போட்டு, வீல் அலைன்மென்டும் பாருங்கள். இல்லாவிட்டால் ரயர் ஒருபக்கமாகத் தேயும்.

சித்தப்பாவின் பிக்கப் இப்போது வளைவு முடிய நேராகிறது. கழற்றிய கட்டுக்கம்பியை அவர் எறியவில்லை. டாஷ்போர்ட்டில் வைத்திருக்கிறார். "அந்த நேரம் இது காப்பாத்தினது" என்கிறார். உண்மைதான். ஆனால் ஸ்ரியரிங்கில் அதற்கு இனி இடமில்லை.