தீர்ப்பு வந்த பிறகு உத்தரவை மாற்ற முடியுமா?

பணிநீக்க வழக்கில் தொழிலியல் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதில் திருப்தி இல்லை. "கொஞ்சம் மாற்றித் தாருங்கள்" என்று அதே நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தால், பதில் வருவதற்குள் மேல்முறையீட்டுக் கெடு முடிந்துவிடும்.

கொடுத்த தீர்ப்பை நினைத்தபோதெல்லாம் மாற்ற அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தில் அதற்கு முக்கியமாக இரண்டு வழிகளே உள்ளன.

முதலாவது, 33-வது பிரிவு. தீர்ப்பின் வாசகம் தெளிவாக இல்லை என்றால், மனு செய்து திருத்தம் கேட்கலாம். பஹாவ் பக்கத் தோட்டமொன்றில் வேலை இழந்தவருக்கு 24 மாதச் சம்பளம் கொடுக்க உத்தரவு என்று வைத்துக்கொள்வோம். அலவன்ஸ் அதில் சேருமா என்பது தெளிவில்லாத விஷயம், விளக்கம் கேட்கலாம். "வேலையைத் திரும்பக் கேட்டேன், பணம்தான் கிடைத்தது" என்பது மனக்குறை. அதற்கு மேல்முறையீடுதான் வழி.

இரண்டாவது, 56-வது பிரிவு. தீர்ப்பை நிர்வாகம் நிறைவேற்றாவிட்டால் தொழிலாளி புகார் செய்வது இதன் கீழ்தான். ஆனால், சிறப்புச் சூழ்நிலை இருந்தால் தீர்ப்பின் ஓர் அம்சத்தை மாற்றவோ நீக்கவோ இதே பிரிவு இடம் தருகிறது. "தோட்டம் கைமாறிவிட்டது, பழைய வேலை இப்போது இல்லை" என நிர்வாகம் வாதிடலாம். ஆகவே, புகார் கொடுப்பவர் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் ஆகியவற்றோடு பதிலையும் தயார்படுத்திக்கொண்டு போக வேண்டும்.

தீர்ப்பையே எதிர்ப்பதாக இருந்தால், 2021 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள 33சி பிரிவின்படி, தீர்ப்பு கைக்குக் கிடைத்த 14 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்த உரிமை முதல் தீர்ப்புக்கு உரியது. பிறகு 33 அல்லது 56-வது பிரிவின் கீழ் செய்யப்படும் மாற்றத்தை எதிர்க்க, நீதிப் புனராய்வு என்ற வேறு வழியை நாட வேண்டும். அதற்கு உயர் நீதிமன்றத்தின் அனுமதி முதலில் தேவை. கெடு 3 மாதம்.

சம்பள பாக்கி வழக்கு வேறு. அதைத் தொழிலாளர் இலாகா 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் விசாரிக்கிறது. அதன் முடிவை எதிர்த்தும் உயர் நீதிமன்றத்துக்கே செல்லலாம்.

தீர்ப்பு கிடைத்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள். அந்த வாரத்திலேயே தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தையோ ஒரு வழக்கறிஞரையோ பாருங்கள். 14 நாள் என்பது இரண்டே சம்பள வாரம்.