மூன்று தெரிந்தால் நான்காவது

5 பேனா 40 ரூபாய் என்றால் 7 பேனா எவ்வளவு? இந்தக் கணக்கைப் போடாமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர் இருக்க முடியாது. 40-ஐ 5-ஆல் வகுத்தால் ஒரு பேனா 8 ரூபாய். அதை 7-ஆல் பெருக்கினால் 56. இதற்குப் பெயர் ஓரலகு முறை.

பழைய இந்தியக் கணித நூல்கள் ஒரு பேனாவின் விலையைத் தேடிப் போவதே இல்லை. முதலில் பெருக்கல், பிறகு வகுத்தல். 40 × 7 = 280. 280 ÷ 5 = 56. தெரிந்த மூன்று எண்களை வைத்து நான்காவதைக் கண்டுபிடிப்பதால் இதற்குத் திரைராசிகம் என்று பெயர். கி.பி. 499-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டீயத்திலேயே இது வந்துவிட்டது. 5 பிரமாணம், 40 பலன், 7 இச்சை. வாங்க ஆசைப்படும் அளவுக்கு இச்சை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பொருத்தம்தான்!

எதற்காக முதலில் பெருக்க வேண்டும்? 3 பேனா 10 ரூபாய், 6 பேனா எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். ஓரலகு முறையில் 3.33... என்று முடியாமல் போகும். முதலில் பெருக்கினால் 60 ÷ 3 = 20, வேலை முடிந்தது. பின்னாளில் ஐரோப்பிய வியாபாரிகள் இதே முறையைத் தங்க விதி என்று கொண்டாடியதில் ஆச்சரியமில்லை.

1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் ஒரு குங்குமப்பூ கணக்கு வருகிறது. 3/7 நிஷ்கத்துக்கு 2½ பலம் குங்குமப்பூ என்றால் 9 நிஷ்கத்துக்கு எவ்வளவு? (நிஷ்கம் நாணயம், பலம் எடை.) 2½-ஐ 9-ஆல் பெருக்கினால் 22½. அதை 3/7-ஆல் வகுக்க வேண்டும், அதாவது 7-ஆல் பெருக்கி 3-ஆல் வகுக்க வேண்டும். 157½ ÷ 3 = 52½ பலம்.

இதுவரை எல்லாம் சுகம். அடுத்து வருவது தலைகீழ்த் திரைராசிகம். ஒன்று கூடினால் மற்றது குறையும் கணக்குகள் இவை. 6 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 12 பேர் 5 நாளில் முடிப்பது போல. இங்கே முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுக்க வேண்டும். இதற்குப் பாஸ்கரர் தரும் உதாரணம் வேலையாட்களைப் பற்றியது அல்ல. 16 வயது அடிமைப் பெண்ணின் விலை 32 நிஷ்கம், 20 வயதுப் பெண்ணின் விலை என்ன?

16 × 32 = 512. 512 ÷ 20 = 25⅗ நிஷ்கம். அதோடு சேர்த்தே உழவு மாட்டின் விலையும் கேட்கப்படுகிறது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். இயந்திரத்துக்கு எழுதும் தேய்மானத்தை ஒரு பெண்ணுக்கு எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலச் சந்தையில் இருந்ததைத்தானே எழுதினார் என்று சொல்லலாம். ஆனால் இதே நூலில்தான் சில கணக்குகள் ஒரு பெண்ணைச் செல்லமாக அழைத்துக் கேட்கப்படுகின்றன. லீலாவதி என்பது பாஸ்கரரின் மகள் பெயர் என்றும் ஒரு கதை உண்டு.

கணக்காகப் பார்த்தாலும் இடிக்கிறது. இந்த விதிப்படி 8 வயதுச் சிறுமிக்கு 64 நிஷ்கம், ஒரு வயதுக் குழந்தைக்கு 512 நிஷ்கம்! எந்தச் சந்தையிலும் அப்படி விலை இருந்திருக்காது. எங்கே விதி செல்லும், எங்கே செல்லாது என்று விதியே சொல்வதில்லை.

லீலாவதியை அக்பர் காலத்தில், 1587-இல், ஃபைஸி பாரசீகத்தில் மொழிபெயர்த்தார். 1817-இல் கோல்புரூக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அதில் அந்த 25⅗ நிஷ்கம் அப்படியே இருக்கிறது.