சேப்பாக்கத்திலிருந்து வீடு திரும்பிய கதை

சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் கூட்டம் இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறுகச் சிறுக வந்து சேரும். கடைசிப் பந்து போட்டு முடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். இப்படித் திரும்பும் கூட்டத்துக்கு வழி செய்ய நம் நகரம் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

1952 பிப்ரவரியில் இங்கிலாந்தைத் தோற்கடித்து இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது இந்த மைதானத்தில்தான். அப்போது சென்னையில் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. 1953-இல் அது நின்றுபோனது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேப்பாக்கம் போக பஸ்தான். 1972 முதல் பல்லவன் பஸ்கள் ஓடின. ஆனால் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டால் பஸ்ஸும் அதே நெரிசலில்தான் நிற்க வேண்டும்.

1995 நவம்பரில் பறக்கும் ரயில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது. 1997-இல் திருமயிலைக்கும் 2007-இல் வேளச்சேரிக்கும் நீண்டது. மைதானத்துக்காகப் போட்ட பாதை அல்ல இது; பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிப் போடப்பட்டது. இருந்தாலும் மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நிலையம் கிடைத்தது. 2019-இல் அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையமும் திறந்தது.

நிலையங்கள் இருந்தும், மேட்ச் நாளுக்கென்று பெரிய ஏற்பாடு வந்தது 2023 ஐ.பி.எல். சமயத்தில்தான். மேட்ச் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாகப் போகலாம் என்றானது. ஆட்டம் முடிந்த பிறகும் ரயில் ஓடியது. அரசினர் தோட்டம் நிலையத்திலிருந்து மைதானத்துக்கு இணைப்புப் பஸ்ஸும் விட்டார்கள். 2024-இல் மாநகரப் பஸ்ஸிலும் மேட்ச் டிக்கெட் செல்லுபடியானது.

இப்படி முன்கூட்டியே யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே காலத்தில் பார்த்தோம். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் இசை நிகழ்ச்சி நடந்தது. அங்கே ரயில் கிடையாது, ஈ.சி.ஆர். ஸ்தம்பித்தது. டிக்கெட் வாங்கியும் பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சிக்கு லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். நான்காவது பாதை வேலைக்காகக் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயில் அப்போது நிறுத்தப்பட்டிருந்தது. கடும் வெயிலில், திரும்ப வண்டி கிடைக்காமல் ஏராளமானோர் தவித்தார்கள். அன்று ஐந்து பேர் இறந்தார்கள். அதற்கு ரயிலை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஆனால் நிலையம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, அன்றைய கூட்டத்துக்கு ஏற்ப ரயிலும் ஓட வேண்டும் என்பதை அந்த நாள் காட்டியது.

நம் பகுதியில் பெரிய நிகழ்ச்சி நடக்கப்போகிறது என்று தெரிந்தால், கார் நிறுத்த இடம் எங்கே என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். இனி சங்கத்தின் சார்பில் இன்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம்: கடைசி ரயில் எத்தனை மணிக்கு? கூடுதல் பஸ் உண்டா? நிலையம் வரை நடந்துபோக வெளிச்சமான வழி இருக்கிறதா? டிக்கெட் விற்பனை தொடங்கும் முன்பே இவற்றுக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.